அம்பு விஷத்தை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்த ஹெரால்ட் கிரிஃபித்: துணிச்சலா, கைப்பழக்கமா?

நூலகத்தடி எழுதியது:

மயக்க மருந்தின் வரலாறு என்றால் நம்மில் பலர் 1846-லேயே நின்றுவிடுகிறோம். பாஸ்டன், வில்லியம் மார்ட்டன், ஈதர், அவ்வளவுதான். அடுத்த பெரிய திருப்பத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. 1942 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை, மான்ட்ரியாலில் ஒரு சின்ன ஹோமியோபதி ஆஸ்பத்திரி. குடல்வால் அறுவைக்காக மேசையில் படுத்திருந்தவர் 20 வயது பிளம்பர். மயக்கம் கொடுத்தவர் டாக்டர் ஹெரால்ட் கிரிஃபித். தென்னமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவும் குராரேயிலிருந்து தயாரித்த மருந்தை அந்த இளைஞருக்கு ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டார். முதலில் 3.5 மில்லி. ஐந்து நிமிஷம் பார்த்தார், நாடியும் மூச்சும் அப்படியே இருந்தன. மேலும் 1.5 மில்லி. ஒரு நிமிஷத்துக்குள் வயிற்றுத் தசை முழுக்கத் தளர்ந்துவிட்டது. சர்ஜன் வேலையை முடித்தார், நோயாளி நலமாக எழுந்தார்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1894-ல் மான்ட்ரியாலில் பிறந்தார். அப்பா அலெக்சாண்டர் கிரிஃபித் ஹோமியோபதி மருத்துவர், மேலே சொன்ன ஆஸ்பத்திரியின் தூண்களில் ஒருவர். ஹெரால்ட் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்த சூட்டோடு முதல் உலகப்போர் வந்தது. படிப்பைப் பாதியில் விட்டு, ஸ்ட்ரெச்சர் தூக்கும் சாதாரணச் சிப்பாயாகப் பிரான்சுக்குப் போனார். 1917 ஏப்ரலில் விமி குன்றுச் சண்டையில் காயம்பட்டவர்களைச் சுமந்ததற்காக மிலிட்டரி மெடல் கிடைத்தது. அப்புறம் பிரிட்டிஷ் கடற்படையின் மருத்துவப் பிரிவுக்கு மாறினார். போர் முடிந்து வந்து 1922-ல் மெக்கிலில் பட்டம், 1923-ல் பிலடெல்பியாவில் ஹானிமன் கல்லூரியில் ஹோமியோபதிப் பட்டம். மாணவராக இருந்தபோதே அப்பாவின் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கப் பழகியிருந்தார். பிறகு அதுவே வாழ்க்கை ஆகிவிட்டது.

இவரைப் பற்றி எங்கே படித்தாலும் 'துணிச்சல்' என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லை. அதே மருந்து அவருக்கு முன்பே வேறு பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தது. அங்கே ஏன் நடக்கவில்லை? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

---

தியேட்டர்_தம்பி எழுதியது:

நான் தியேட்டர் டெக்னீஷியன். வரலாறெல்லாம் தெரியாது, ஆனால் 'வயிறு தளர்ந்தது' என்று ஒரு வரியில் சொல்லிப் போய்விட்டீர்களே, அதன் அருமையைச் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றைத் திறந்து வேலை நடந்துகொண்டிருக்கும். தளர்த்தும் மருந்தின் வேகம் குறைய ஆரம்பித்ததும் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. முதலில் தெரிவது சர்ஜன் கைக்குத்தான். வெட்டிய ஓரத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்திருக்கும் பயிற்சி டாக்டரின் முழங்கை நடுங்கும். உள்ளே தள்ளி வைத்த குடல் மெல்ல எட்டிப் பார்க்கும். உடனே தலைமாட்டில் நிற்கும் மயக்க டாக்டரைப் பார்த்து "மேடம், டைட்டா இருக்கு" என்பார்கள். மேடம் ஒரு சிரிஞ்சிலிருந்து கொஞ்சம் தள்ளுவார். இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். தையல் போடும்போதும் இதே பாட்டுத்தான், வயிறு இறுகியிருந்தால் ஓரங்கள் சேராது.

இந்த மருந்து இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. டாக்டர் அக்கா யாராவது சொல்லுங்கள்.

---

சுவாசம் எழுதியது:

தம்பி, ஈதரை ஆழமாகக் கொடுத்துத்தான் செய்தார்கள். தூங்குவதற்குக் கொஞ்சம் ஈதர் போதும். வயிறு தளர வேண்டுமென்றால் அதைவிட நிறைய வேண்டும். அந்த அளவுக்குப் போனால் மூச்சு ஆழம் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆபரேஷன் முடிந்து மணிக்கணக்கில் விழிக்க மாட்டார்கள், விழித்தால் வாந்தி. வயதானவர், ரத்தம் இழந்தவர், குடல் அடைத்து நாலு நாள் கிடந்தவர், இவர்களுக்கு அந்த ஆழம் தாங்காது. தசை தளர வேண்டும் என்பதற்காக மூளையையும் இதயத்தையும் சேர்த்து அமுக்க வேண்டியிருந்தது.

குராரே மூளையைத் தொடுவதில்லை. நரம்பு தசையைச் சேரும் இடத்தில் செய்தியை மறித்துவிடும். இதைக் கிளாட் பெர்னார்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தவளைகளை வைத்துக் காட்டிவிட்டார். ஆக, லேசான மயக்கம் தனியாக, தசைத் தளர்ச்சி தனியாக. இன்றைக்கு நாங்கள் தூக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தளர்ச்சிக்கு ஒன்று என்று மூன்று சிரிஞ்சு வைத்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தப் பிரிவினைக்கு வழி திறந்தது 1942-தான். லிவர்பூலில் செசில் கிரேயும் ஜான் ஹால்டனும் 1946-ல் அதை ஒரு முறையாகவே ஆக்கிக் காட்டினார்கள்.

நூலகத்தடி சார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குராரே கொல்வது மூச்சை நிறுத்தித்தான். இதயம் ஓடிக்கொண்டிருக்கும், மூச்சுத் தசை படுத்துவிடும். யாராவது அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் சாக வேண்டியதில்லை. இது 1814-லேயே தெரிந்த விஷயம். சார்லஸ் வாட்டர்ட்டன் என்ற இங்கிலாந்துக்காரர், ஒரு பெண் கழுதைக்கு இந்த விஷத்தை ஏற்றி, துருத்தி வைத்துக் காற்று ஊதிக்கொண்டே இருந்து பிழைக்க வைத்தார். அந்தக் கழுதை அதற்கப்புறம் 25 வருஷம் மேய்ந்தது!

ஆக, மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். தலைமாட்டில் நிற்பவருக்கு மூச்சு ஓட்டத் தெரியுமா என்பதுதான் விஷயம். 1942-ல் பல பெரிய ஊர்களிலேயே பலருக்குத் தெரியாது. கிரிஃபித்துக்குத் தெரியும். 1933-லேயே சைக்ளோபுரோப்பேன் என்ற மயக்க வாயுவைக் கனடாவில் முதலில் எடுத்துக்கொண்டவர் அவர். அந்த வாயு நெருப்புப் பட்டால் வெடிக்கும், விலையும் அதிகம். அதனால் அதை வெளியே விடாமல், மூடிய சுற்றில், கரியமில வாயுவைச் சுண்ணாம்பில் உறிஞ்சவிட்டுத் திருப்பித் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தச் சுற்றில் ஒரு ரப்பர் பை இருக்கும். நோயாளியின் மூச்சு மங்கினால் அந்தப் பையை அழுத்தினால் போதும். சைக்ளோபுரோப்பேன் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது தினசரி வேலை. மூச்சுக்குழாயில் டியூப் போடுவதிலும் அவர் பழகியவர். எட்டு ஒன்பது வருஷமாகப் பை பிடித்துப் பழகிய கைக்கு மூச்சு நிற்பது பெரிய விபத்தாகத் தெரிந்திருக்காது.

---

வாதி_பிரதிவாதி எழுதியது:

எல்லாம் சரி. கொஞ்சம் மறுபக்கமும் பேசலாமா?

முதலில், குராரேயை நோயாளிக்குக் கொடுத்த முதல் ஆள் இவர் இல்லை. லைப்ஸிக்கில் ஆர்தர் லேவன் 1912-லேயே மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். மருந்து கிடைக்காததால் அது அப்படியே நின்றுபோனது. அடுத்து, அமேசான் பக்கமிருந்து அதை மூட்டை கட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது ரிச்சர்ட் கில். ஈக்வடாரில் பண்ணை வைத்திருந்தவர், நரம்பு நோயால் தானே முடங்கியவர், தன் நோய்க்கு இது உதவுமோ என்றுதான் 1938-ல் காட்டுக்குள் போய்ச் சேகரித்தார். ஸ்குவிப் கம்பெனி அதை வாங்கி, அளவு சோதித்து, இன்டோகாஸ்ட்ரின் என்று புட்டியில் அடைத்தது. நெப்ராஸ்காவில் பென்னெட் என்ற மனநல மருத்துவர் 1940-லேயே மனிதர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனநோய்க்காக வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை கொடுக்கும்போது நோயாளிகளின் முதுகெலும்பு முறிந்துவிடும், அதைத் தடுக்கத்தான். கம்பெனியின் டாக்டர் லூயிஸ் ரைட் ஊர் ஊராகப் போய் மயக்க டாக்டர்களிடம் "போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிரிஃபித் செய்தது என்ன? கையில் கொடுத்த புட்டியை உடைத்தார். பெயர் மட்டும் அவருக்கு.

அடுத்தது, அந்தப் பிளம்பர் பையனிடம் யாராவது கேட்டார்களா? "தம்பி, உனக்கு அம்பு விஷம் ஏற்றப்போகிறோம், சம்மதமா?" என்று. இன்றைக்கு நடந்தால் என்ன ஆகும்?

ஹோமியோபதி ஆஸ்பத்திரியில் அறுவை எப்படி நடக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

---

நூலகத்தடி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அன்றைய வட அமெரிக்காவில் ஹோமியோபதி ஆஸ்பத்திரி என்றால் சர்க்கரை உருண்டை மட்டும் கொடுக்கும் இடம் அல்ல. அறுவை, பிரசவம், எக்ஸ்ரே எல்லாம் மற்ற ஆஸ்பத்திரிகள் மாதிரியே நடந்தன. மான்ட்ரியால் ஆஸ்பத்திரியில் காலப்போக்கில் ஹோமியோபதி பெயரளவுக்கு வந்து, 1951-ல் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரி என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

புட்டியை உடைத்தது மட்டும்தானா என்றால், அதே புட்டி வேறு இருவர் கைக்கும் போனது. நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் எமரி ரோவென்ஸ்டைன் துறைக்குப் போனது. அங்கே இளம் டாக்டர் இம்மானுவேல் பேப்பர் இரண்டு பேருக்கு, ஈதரோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். இருவருக்குமே மூச்சு நின்றது. ராத்திரி முழுக்கப் பை அழுத்திக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. "இது வேண்டாத வேலை" என்று விட்டுவிட்டார்கள். அயோவாவில் ஸ்டூவர்ட் கல்லன் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஆபத்து என்று ஒதுக்கினார். இருவரும் சாதாரண ஆட்கள் அல்ல, பின்னாளில் அந்தத் துறையில் பெரிய பெயர்கள். கிரிஃபித்தின் கட்டுரை வந்த பிறகு கல்லனே குராரேயை எடுத்துக்கொண்டு நிறைய நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஈதர். ஈதருக்கே தசையைக் கொஞ்சம் தளர்த்தும் குணம் உண்டு, குராரேயோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டிவிடும். சைக்ளோபுரோப்பேனோடு அவ்வளவு கூட்டல் இல்லை. கிரிஃபித் கொடுத்த அளவும் சின்னது. முதலில் கொஞ்சம், பார்த்துவிட்டு மேலும் கொஞ்சம். கிரிஃபித் பக்கம் சாதகம் இத்தனை இருந்தன.

---

சுவாசம் எழுதியது:

ஆமாம் சார், ஈதர் விஷயம் சரியான புள்ளி. ஆனால் பெல்வியூவில் அந்த இருவரும் சாகவில்லை என்பதையும் கவனியுங்கள். ராத்திரி முழுக்கப் பை அழுத்தியதால் பிழைத்தார்கள். அதே சம்பவத்தை ஒருவர் 'மருந்து ஆபத்து' என்று படித்தார். கிரிஃபித் கண்ணில் பட்டிருந்தால் 'பை பிடிக்க ஆள் இருந்தால் ஆபத்தில்லை' என்று படித்திருப்பார் என்பது என் எண்ணம்.

வாதி அண்ணே, சம்மதம் பற்றிய கேள்வி நியாயமானது. எழுதி வாங்கும் வழக்கம், நெறிமுறைக் குழு எதுவும் அன்றைக்கு இல்லை. மனிதர்கள் மேல் சோதனை செய்வதற்கான நியூரம்பர்க் நெறிகள் வந்ததே 1947-ல்தான். இன்றைக்கு என்றால் அந்தக் கட்டுரை பத்திரிகை வாசலிலேயே நின்றுவிடும். அதை யாரும் நியாயப்படுத்தத் தேவையில்லை.

---

பாய்மரம் எழுதியது:

கடற்படையில் மெடிக்கல் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் கடற்படை விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், அதனால் இந்தப் பக்கமிருந்து கொஞ்சம்.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படைக்கு டாக்டர் பஞ்சம். பெரிய போர்க்கப்பல்களுக்கு முழு டாக்டர். டிஸ்ட்ராயர் போன்ற சின்னக் கப்பல்களுக்கு அவ்வளவு பேர் கிடையாது. அதனால் படிப்பை முடிக்காத மருத்துவ மாணவர்களை 'சர்ஜன் புரொபேஷனர்' என்று தன்னார்வப் பிரிவில் சேர்த்துச் சின்னக் கப்பல்களில் ஏற்றினார்கள். கிரிஃபித்தும் பட்டம் வாங்குவதற்கு முன்பே கடற்படை மருத்துவப் பணிக்குப் போனவர்தான். அதாவது முக்கால் டாக்டர்.

சின்னக் கப்பலில் வைத்தியம் பார்ப்பது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் காலத்திலும் சின்னக் கப்பல்களில் டாக்டர் இருக்க மாட்டார், அசிஸ்டென்ட்தான். கப்பலின் வைத்திய அறைக்கு சிக் பே என்று பெயர்தான் பெரிது, ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஆட்டத்தில் மருந்து விழாமலிருக்க அலமாரிக்குக் குறுக்கே ஒரு கம்பி. மாலுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். குடல்வாலா, வாயுவா? கரை எத்தனை மணி நேரம்? கப்டனுக்கு நீ ஒரு பதில் சொல்ல வேண்டும், கப்பலைத் திருப்புவதா வேண்டாமா என்று. பக்கத்து அறையில் பெரிய டாக்டர் கிடையாது. அப்படிப் பழகியவனுக்கு ஒரு குணம் வந்துவிடும். ஏதாவது செய்வதற்கு முன்னாலேயே, 'இது தப்பாகப் போனால் அடுத்து என் கை எங்கே போகும்?' என்று பார்த்து வைத்துக்கொள்வான்.

3.5 மில்லி போட்டு ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார் என்று படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

---

வாதி_பிரதிவாதி எழுதியது:

பாய்மரம் ஐயா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கப்பலில் இருந்தது 1917-18. குராரே 1942. நடுவில் 24 வருஷம். கப்பலில் கற்றதை இருபத்துச்சொச்சம் வருஷம் மூட்டை கட்டி வைத்திருந்து ஒரு வெள்ளிக்கிழமை அவிழ்த்தாரா? கடற்படையில் இருந்த ஆயிரம் மாணவர்களில் எத்தனை பேர் இப்படி ஆனார்கள்?

எனக்குத் தோன்றுவது வேறு. அது சின்ன ஆஸ்பத்திரி. மயக்கத் துறையும் அவர்தான், அப்பாவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகமும் அவர் கையில். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெல்வியூவில் பேப்பருக்கு மேலே ரோவென்ஸ்டைன், அவருக்கு மேலே ஒரு பட்டாளம். சின்ன இடத்தின் சுதந்திரம்தான் காரணம்.

---

பாய்மரம் எழுதியது:

வாதி தம்பி, நீங்கள் சொல்லும் 'கேட்க ஆளில்லாத சுதந்திரம்'தானே கப்பலிலும்! கேட்க ஆளில்லை என்றால் ஒருவன் கண்டபடி போவான், இன்னொருவன் கூடுதலாக ஜாக்கிரதையாவான். கிரிஃபித் இரண்டாவது வகை என்கிறேன். அவ்வளவுதான். கப்பல்தான் அவரைச் செய்தது என்று அடித்துச் சொல்லவில்லை.

---

மார்லோ_வீதி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப மான்ட்ரியாலில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கதைக்கிற ஆஸ்பத்திரி நோட்டர்டாம்-டெ-கிராஸ் பகுதியில் மார்லோ வீதியில் இருக்கிறது. 'இருக்கிறது' என்றால் கட்டடம் இருக்கிறது. 1990-களின் நடுவில் கியூபெக் அரசாங்கம் செலவைக் குறைக்க மான்ட்ரியாலில் பல ஆஸ்பத்திரிகளை மூடியது, அதில் இதுவும் ஒன்று. ஊர்ச் சனம் விடவில்லை, பிறகு அதே கட்டடம் சுகாதார நிலையமாகத் திரும்ப நடக்கத் தொடங்கியது. எங்கட ஆக்கள் உட்பட நிறையப் பேர் இப்பவும் டாக்டரைப் பார்க்க, எக்ஸ்ரே எடுக்க அங்கேதான் போகிறார்கள். பனிக்காலத்தில் காத்திருக்கிற இடத்தில் ஜாக்கெட் வைக்கக்கூட இடம் இராது. என்ன நடந்த கட்டடம் என்று அங்கே இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

கனடா தபால்துறை 1991-ல் மருத்துவர்களுக்கு 40 சத முத்திரைகள் நான்கு வெளியிட்டது. இன்சுலின் பான்டிங், மூளை அறுவை பென்ஃபீல்ட், கனடாவின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரான ஜென்னி டிரவுட், நாலாவது கிரிஃபித். பான்டிங்கைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கிரிஃபித்தை மயக்க டாக்டர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கேள்வி. அந்தக் கட்டுரையில் இரண்டு பெயர் இருக்கிறதல்லோ? ஈனிட் ஜான்சன் என்று ஒரு பெண். அவரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே?

---

நூலகத்தடி எழுதியது:

நல்ல கேள்வி. ஈனிட் ஜான்சன் அப்போது கிரிஃபித்திடம் பயிற்சியில் இருந்த டாக்டர், நோவா ஸ்கோஷியாக்காரர். 1942 ஜூலையில் 'அனஸ்தீசியாலஜி' இதழில் வந்த கட்டுரை 25 நோயாளிகளைப் பற்றியது, இருவர் பெயரிலும்தான் வந்தது. திருமணத்துக்குப் பிறகு ஈனிட் ஜான்சன் மெக்லியோட் என்று அறியப்பட்டார், டல்ஹவுஸி பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். கனடாவின் பெண் மருத்துவர்கள் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதும் வைத்திருக்கிறது. ஆனால் 1942 பற்றி எழுதுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் 'கிரிஃபித்தும் அவருடைய உதவியாளரும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 25 பேரின் நாடி, அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் நிமிஷக் கணக்கில் பார்த்துக் குறிக்க இரண்டு ஜோடிக் கை வேண்டும். கட்டுரையின் பலமே அந்தக் குறிப்புகள்தான். லேவனும் கொடுத்தார், ஆனால் அவரைப் பார்த்து இன்னொருவர் செய்யவில்லை. இந்தக் கட்டுரையைப் பார்த்து ஊரே செய்தது.

---

புதுமுகம்_78 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். இதைப் படித்ததிலிருந்து ஒரு பயம். குராரே மூளையைத் தொடாது என்று சுவாசம் மேடம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அசைய முடியாமல், ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே படுத்திருக்க வாய்ப்பு உண்டா?

---

சுவாசம் எழுதியது:

பயப்படாதீர்கள், ஆனால் கேள்வி சரியான கேள்விதான். 1940-களில் டாக்டர்களுக்கே இதில் குழப்பம் இருந்தது. குராரே கொஞ்சம் தூக்கமும் தருமோ, வலியையும் குறைக்குமோ என்று சிலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் மற்ற மயக்கத்தைக் குறைத்தால் நோயாளியின் கதி? நினைத்தாலே நடுங்குகிறது.

அதைத் தீர்க்க யூட்டாவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க டாக்டர் தன் உடம்பிலேயே சோதித்தார். தூக்க மருந்து எதுவும் இல்லாமல், மூச்சை நிறுத்தத் தேவையானதைப்போல் இரண்டரை மடங்கு டியூபோகுராரைன் (குராரேயிலிருந்து பிரித்தெடுத்த மருந்து) ஏற்றிக்கொண்டார். சக டாக்டர்கள் பை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். இமைகூட அசைக்க முடியாமல் கிடந்தார். இடையிடையே கேள்வி கேட்டார்கள், கிள்ளினார்கள். மருந்து இறங்கியதும் எழுந்து, கேட்டது, வலித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எதுவும் மங்கவில்லை. 1947-ல் வெளியான அந்த முடிவுதான் இன்றுவரை எங்களுக்கு அடிப்படைப் பாடம்: தசை தளர்ந்திருப்பதும் தூங்கியிருப்பதும் வேறு வேறு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூக்க மருந்து முதலில் போகும். நீங்கள் தூங்கிய பிறகுதான் தளர்த்தும் மருந்து. ஆபரேஷன் முழுக்கத் தூக்க வாயு ஓடிக்கொண்டே இருக்கும், மூச்சில் அது எவ்வளவு இருக்கிறது என்று திரையில் எண் தெரியும். இடையில் விழிப்பது மிக அபூர்வம். முன்பு எப்போதாவது மயக்கத்தில் பிரச்சினை வந்திருந்தால், வீட்டில் யாருக்காவது வந்திருந்தால், ஆபரேஷனுக்கு முன் பார்க்க வரும் மயக்க டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தால் அதையும். நாங்கள் டியூப் போடும்போது எங்களுக்கு முதல் எதிரி அதுதான்.

---

வாதி_பிரதிவாதி எழுதியது:

இன்னொரு முக்கியமான விஷயத்தை யாருமே தொடவில்லை. 1954-ல் ஹென்றி பீச்சரும் டொனால்ட் டாடும் வெளியிட்ட ஆய்வு. பத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள், 1948 முதல் 1952 வரை, கிட்டத்தட்ட ஆறு லட்சம் மயக்கங்கள். குராரே வகை மருந்து கொடுக்காதவர்களில் 2,100 பேருக்கு ஒருவர் மயக்கம் தொடர்பாக இறந்தார். கொடுத்தவர்களில் 370 பேருக்கு ஒருவர். சுமார் ஆறு மடங்கு! கிரிஃபித் 25 பேரோடு கட்டுரை எழுதினார், அதைப் பார்த்து ஊரே செய்தது என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஊர் செய்ததன் கணக்கு இது.

---

சுவாசம் எழுதியது:

இந்தக் கணக்கைக் கொண்டுவந்ததற்கு நன்றி அண்ணே, பயிற்சி மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் விடுவதே இல்லை. அந்த ஆய்வுக்கு அன்றே கடுமையான எதிர்ப்பு வந்தது. குராரே பெரிய அறுவைகளுக்கும் மோசமான நோயாளிகளுக்கும் கூடுதலாகப் போயிருக்கலாம், அதைச் சரியாகப் பிரிக்கவில்லை என்றார்கள். பீச்சர் மருந்திலேயே ஏதோ நச்சுத்தன்மை இருக்கிறது என்று சந்தேகித்தார், அது நிற்கவில்லை. ஆனால் கணக்கைத் தூக்கி எறியவும் முடியாது. என் பார்வையில் அது முதலில் நாம் பேசிய இடத்துக்கே வருகிறது. மருந்து எல்லா ஊருக்கும் தபாலில் போய்விட்டது. பை பிடிக்கும் கை தபாலில் போகவில்லை. நோயாளி தானாக மூச்சு விடுகிறார் என்று முகமூடியை மட்டும் வைத்துவிட்டு நின்றவர்கள், முடிந்ததும் தளர்ச்சியை முறிக்கும் மருந்து கொடுக்காமல் வார்டுக்கு அனுப்பியவர்கள் நிறையப் பேர்.

பாதித் தளர்ச்சியோடு வார்டுக்குப் போகும் நோயாளி எப்படி இருப்பார் தெரியுமா? பயிற்சிக் காலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஒரு அம்மா, கண் பாதி திறந்து, தாடை தொங்கி, பேச வாயெடுக்கிறார், சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் 'மயக்கம் இன்னும் தெளியலை' என்று போர்வையை இழுத்துவிட்டார்கள். விரல் நுனியில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. என் சீனியர் ஓடி வந்து தாடையைத் தூக்கி, முகமூடி வைத்துப் பை அழுத்தி, தளர்ச்சியை முறிக்கும் நியோஸ்டிக்மின் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் அந்த அம்மா தலையைத் தூக்கினார். அதனால்தான் டியூபை எடுக்கும் முன் "தலையைத் தூக்குங்க, என் கையை இறுக்கிப் பிடிங்க" என்று கத்துகிறோம். தலையணையிலிருந்து தலையை எடுத்து ஐந்து விநாடி நிறுத்த முடிய வேண்டும். இப்போது மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்துக் கட்டைவிரல் எத்தனை முறை துடிக்கிறது என்று பார்க்கும் கருவியும் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை என்பது வேறு கதை.

இதில் கிரிஃபித்துக்குக் கொஞ்சம் பெருமை சேர வேண்டும். ஆபரேஷன் முடிந்தவர்களை நேரே வார்டுக்கு அனுப்பாமல், தனி அறையில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை 1943-லேயே தன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்தார். குராரே போட்ட அடுத்த வருஷமே! அதற்கப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவும் வந்தது. மருந்தைக் கொடுத்தவர் நோயாளி எழுந்து உட்காரும்வரை யார் பார்ப்பது என்றும் சேர்த்து யோசித்திருக்கிறார்.

---

வாதி_பிரதிவாதி எழுதியது:

ரெக்கவரி அறை விஷயம் எனக்குப் புதிது. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். சம்மதம் பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது.

---

நூலகத்தடி எழுதியது:

நிற்கட்டும், நிற்க வேண்டியதுதான்.

மீதி வாழ்க்கையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் கனடா விமானப்படைக்கு மயக்கவியல் ஆலோசகர். ஆக, தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றோடும் தொடர்பு வந்துவிட்டது. 1943-ல் கனடா மயக்கவியலாளர் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர். 1950-களில் மெக்கிலில் துறைத் தலைவர். 1955-ல் நெதர்லாந்தின் ஷெவெனிங்கனில் மயக்கவியலாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானது, அதற்கும் முதல் தலைவர் இவரே. 1985-ல் 90 வயதில் காலமானார்.

---

தியேட்டர்_தம்பி எழுதியது:

அக்கா, ஒரு கடைசிக் கேள்வி. எங்கள் தியேட்டர் ஃபிரிட்ஜில் ஸ்கோலின், அட்ராகூரியம், வெக்குரோனியம் என்று தளர்த்தும் மருந்தெல்லாம் இருக்கிறது. குராரே என்று எழுதிய புட்டியை நான் பார்த்ததே இல்லை. அது எங்கே போனது?

---

சுவாசம் எழுதியது:

ஓய்வு பெற்றுவிட்டது தம்பி. டியூபோகுராரைன் உடம்பில் ஹிஸ்டமினை (ஒவ்வாமையில் வெளிவரும் பொருள்) அவிழ்த்துவிடும், அழுத்தம் இறங்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரலாம், வேலை முடிந்தும் நேரமாகும். அட்ராகூரியமும் வெக்குரோனியமும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும் பிந்தைய தலைமுறை, நியோஸ்டிக்மினுக்குக் கட்டுப்படும். ஸ்கோலின் வேறு வழி. தசையை முதலில் துடிக்கவைத்துப் பிறகு தளர்த்தும், சில நிமிஷத்தில் தானே போய்விடும், அதற்கு நியோஸ்டிக்மின் கொடுக்கக்கூடாது. மூன்றையும் ஃபிரிட்ஜில் ஒரே தட்டில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்து வை. லேபிளைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கையில் கொடு.